திரையில் மின்னும் வாள்: அதன் ஆக்கமும் அமைப்பும்

"அட்டைக் கத்தி" என்பது தமிழில் ஓர் இகழ்ச்சிச் சொல். வாய்வீரம் பேசிவிட்டு வேளை வரும்போது ஒதுங்கிக்கொள்பவனை "அட்டைக் கத்தி வீரன்" என்று ஊரார் நகைப்பர். மேடையில் சுழற்றுவதற்கன்றி வேறு எதற்கும் உதவாத போலி வாள் என்பது அச்சொல்லின் உட்கருத்து. ஆயின் அந்தப் போலி வாளைச் செய்தவன் அதனை எவ்வாறு செய்தான், ஏன் அவ்வாறு செய்தான் என்று கேட்பவர் அரியர். கேட்டுப் பார்த்தால், மெய்வாளுக்கு வேண்டிய சிந்தனை பொய்வாளுக்கும் வேண்டியிருப்பது புலனாகும். மெய்வாள் செய்யும் கொல்லனுக்குக் கவலை ஒன்றே: வாள் வெட்ட வேண்டும். பொய்வாள் செய்பவனுக்கோ கவலை இரண்டு: வாள் வெட்டுவதுபோல் தோன்றவும் வேண்டும், வெட்டாமலும் இருக்க வேண்டும்.

இவ்விரு வகை வாள்களுக்கும் கோலாலம்பூரில் இடம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் தேசிய அரும்பொருட்காட்சியகம் நிற்கிறது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் மலாய் நாட்டின் படைக்கலங்களைக் காணலாம். இது மெய்வாளின் இடம். நகரின் வேறொரு பக்கத்தில், உலு கிளாங்கில், 1960களின் தொடக்கத்தில் ஹோ ஆ லோக், எச்.எம். ஷா ஆகியோரின் முயற்சியால் மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையம் எழுந்தது. 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்த பி. ரம்லி, தம் இறுதிக்காலப் படங்களை அங்கேயே எடுத்தார். 1981இல் தோன்றிய தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமாகிய பினாஸ் பின்னர் அவ்விடத்தில் அமைந்தது. படப்பிடிப்பு நிலையம் என்பது பொய்வாளின் இடம். மெய்வாளின் அமைப்பை முதலில் அறிந்தால்தான் பொய்வாளின் நுட்பம் விளங்கும்.

மெய்வாளின் உறுப்புகள்

எந்த நாட்டு வாளாயினும் அதற்கு அலகு, கைக்காப்பு, பிடி, குமிழ் என நான்கு பகுதிகள் பெரும்பாலும் உண்டு. அலகின் அடிப்பகுதி மெலிந்து, ஒரு வால்போலப் பிடிக்குள் நுழைகிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இந்த வால்தான் வாளின் உயிர்நிலை. அலகு எவ்வளவு உயர்ந்த எஃகாயினும் வால் வலுவற்றதாயின், ஓங்கிய வேகத்தில் அலகு பிடியை விட்டுப் பறந்துவிடும்.

வாலைப் பிடியோடு பிணைக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். வட இந்தியத் தல்வார் என்னும் வளைந்த வாளின் பிடி முழுவதும் உலோகம். தலையில் வட்டத் தட்டு ஒன்று இருக்கும். அப்பிடியின் உட்குழிவில் உருகிய அரக்குக் கலவையை நிரப்பி, வாலைச் செருகி ஆறவிடுவர். அரக்கு இறுகியதும் பிடி அசையாது. ஐரோப்பிய வாள்களிலோ வால் பிடியின் முழு நீளத்தையும் ஊடுருவிச் சென்று குமிழின் மறுபுறம் வெளிவரும். அம்முனையைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கிவிடுவர்.

மலாய் கிரிஸின் அமைப்பு தனித்தன்மை உடையது. அதன் அலகின் அடியில் 'கன்ஜா' எனப்படும் குறுக்குத் துண்டு உண்டு. பெரும்பாலான கிரிஸ்களில் அது தனியாகச் செய்யப்பட்டு, வாலில் கோக்கப்பட்டு அலகோடு பொருந்தியிருக்கும். அதற்கு மேல் 'பெண்டோகோக்' என்னும் சிறு உலோகக் கிண்ணம். அதன்மேல் மரத்தாலோ தந்தத்தாலோ செதுக்கிய 'ஹுலு' என்னும் பிடி. வாலில் துணியோ நூலோ சுற்றிப் பிடியை இறுக்கிச் செருகுவர். அலகு நேராகவும் இருக்கலாம். பாம்புபோல் நெளிந்தும் இருக்கலாம். நெளிவுகளின் எண்ணிக்கை மட்டும் ஒற்றைப்படையாகவே இருப்பது மரபு. இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் மடித்து மடித்து அடிப்பதால் அலகில் நீரோட்டம் போன்ற கோலம் தோன்றும். அதற்குப் 'பாமோர்' என்று பெயர். எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் தடவி அக்கோலத்தை மேலெழச் செய்வது பழைய முறை.

கிரிஸ் முதன்மையாகக் குத்தும் படைக்கலம். வாளோ பெரும்பாலும் வெட்டும் படைக்கலம். இவ்வேறுபாடு மலாய்ப் படங்களுக்குக் கிரிஸ் செய்வோரைப் பெரிதும் சோதிப்பதைப் பின்னர்க் காண்போம்.

கூத்து மேடையிலிருந்து திரைக்கு

பொய்ப் படைக்கலம் செய்வது தமிழருக்குப் புதிய கலை அன்று. வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அரசர் வேடத்துக்குரிய கிரீடமும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற கனமற்ற மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டப்படுவன. இரவு முழுவதும் ஆடுபவன் உடல் தாங்க வேண்டும் என்பதாலேயே கனமற்ற மரத்தைத் தேர்ந்தனர். விளக்கொளியில் அக்கண்ணாடித் துண்டுகள் பொன்னும் மணியுமாக மின்னின. கனம் குறைவு, மின்னல் மிகுதி என்ற அந்த நெறியே இன்றுவரை திரைப்பட வாளுக்கும் அடிப்படையாக இருக்கிறது.

பின்னர் வந்த நாடகக் கம்பெனிகள் பலகையிலும் அட்டையிலும் வாள் வடிவம் வெட்டி, வெள்ளித் தாள் ஒட்டியோ வெள்ளி வண்ணம் பூசியோ பயன்படுத்தின. பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகத்தின் தாக்கத்தால் தோன்றிய மலாய் பங்சாவான் மேடையும் அரசர் கதைகளையே மிகுதியும் நடித்தது; அதற்கும் வாள் வேண்டியிருந்தது. மேடைக்கு ஒரு வசதி உண்டு. பார்ப்பவருக்கும் வாளுக்கும் இடையே பல அடித் தொலைவு இருக்கும், விளக்கொளியும் மங்கலாக இருக்கும், குறைகள் தெரியா. ஓசையும் பொறியும் வேண்டும் என்ற ஆசை மட்டும் மேடையிலும் இருந்தது. 1885இல் லண்டனில் ஹென்றி இர்விங் நடத்திய 'பாஸ்ட்' நாடகத்தில், இரு வாள்களிலும் மின்னோட்டம் செலுத்தி, அவை மோதும்போது பொறி பறக்கச் செய்தனர்.

திரைப்படம் வந்ததும் நிலைமை மாறியது. படக்கருவி நடிகனின் கையருகே ஒரு முழத் தொலைவுக்கு வந்துவிடும். அங்குலம் அளவிலிருக்கும் கீறல் திரையில் ஆளுயரம் தெரியும். பலகையின் நார் தெரியும். ஒட்டிய தாளின் மடிப்புத் தெரியும். அதே வேளையில் சண்டை முன்னிலும் வேகமாயிற்று. 'மந்திரி குமாரி' (1950), 'சர்வாதிகாரி' (1951), 'மதுரை வீரன்' (1956), 'நாடோடி மன்னன்' (1958) போன்ற படங்களில் வாள் வெறும் அணிகலனாக இருக்கவில்லை. கதையின் முடிவையே அது தாங்கியது. கோலாலம்பூர்க் கொலிசியம் அரங்கிலும் பிரிக்பீல்ட்ஸ் லிடோ அரங்கிலும் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வாள் சண்டை இல்லாத அரச கதை உப்பில்லாப் பண்டம். அண்மையில் அழகாகவும், சண்டையில் உறுதியாகவும், உடலில் பட்டால் மென்மையாகவும் இருக்கும் ஒரே பொருள் உலகில் இல்லை. ஆதலின் ஒரு வாள் பல வாள்களாகப் பிரிந்தது.

ஒரு வாளுக்குப் பல வாள்கள்

திரையில் வீரன் கையில் இருப்பது ஒரே வாள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு குடும்பம்.

முதலாவது, அண்மைக் காட்சி வாள். வீரன் உறையிலிருந்து மெல்ல உருவும்போதும், அலகில் தன் முகத்தைப் பார்க்கும்போதும் திரையில் தோன்றுவது இதுவே. இதன் அலகு மெய்யான எஃகாக இருக்கலாம். பிடியில் செதுக்கு வேலையும் கல் பதிப்பும் முழுமையாக இருக்கும். இதனைக் கொண்டு எவரும் சண்டையிடுவதில்லை.

இரண்டாவது, சண்டை வாள். வடிவில் முன்னதைப் போன்றதே. ஆயின் அலகு பெரும்பாலும் அலுமினியக் கலவை. எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்தின் எடை. எடை குறைந்தால் நடிகன் நாள் முழுவதும் களைப்பின்றிச் சுழற்றலாம்; வீச்சை நினைத்த இடத்தில் நிறுத்தவும் செய்யலாம். நிறுத்த முடிவதே இங்குப் பெரிது.

மூன்றாவது, ரப்பர் வாள். குதிரையிலிருந்து விழும்போதும், மாடியிலிருந்து குதிக்கும்போதும், ஒருவர்மேல் ஒருவர் உருளும்போதும் கையில் இருக்க வேண்டியது இது.

நான்காவது, கூட்ட வாள். பின்னணியில் நிற்கும் படைவீரர் நூற்றுவருக்கும் நல்ல வாள் செய்வது வீண் செலவு. ஆதலின் ஒரே அச்சில் வார்த்த இழைக்கண்ணாடி வாளோ மர வாளோ அவர்களுக்குப் போதும். ஜப்பானியப் படங்களில் மூங்கில் அலகில் வெள்ளித் தகடு ஒட்டிய வாள்கள் இவ்வகையில் நெடுங்காலமாகப் புழங்குகின்றன.

ஐந்தாவது, பாதி வாள். உடலில் பாய்ந்து நிற்பதுபோல் காட்டுவதற்காக, பிடியும் அலகின் ஒரு பகுதியும் மட்டும் உடையது.

2001 முதல் 2003 வரை வெளிவந்த 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' படங்களுக்கு நியூசிலாந்தின் வேட்டா பட்டறை இம்முறையையே கையாண்டது. அங்கே பீட்டர் லயன் என்னும் வாட்கொல்லர் அண்மைக் காட்சிக்கு எஃகு வாள்களை ஆக்கினார். சண்டைக்கு அலுமினிய அலகும், ஆபத்தான பாய்ச்சல்களுக்கு ரப்பர் போன்ற வார்ப்பும் பயன்பட்டன.

குடும்பத்தார் அனைவரும் ஒரே முகமாய் இருக்க வேண்டும் என்பதே கடினம். அண்மைக் காட்சி வாளின் குமிழில் ஒரு செங்கல் இருந்தால் ரப்பர் வாளிலும் அதே இடத்தில் அதே நிறத்தில் அது இருக்க வேண்டும். இன்றேல் காட்சி மாறும்போது வாளும் மாறியது போலாகிவிடும்.

அலகு ஆக்கும் முறை

சண்டை வாளின் ஆக்கத்தைப் படிப்படியாகக் காண்போம். முதலில் கனத்த தாளில் வாளின் முழு அளவு உருவம் வரையப்படும். அதனை வெட்டி, வழக்கமாக 6 மி.மீ. அளவு தடிப்புள்ள அலுமினியக் கலவைத் தகட்டின்மேல் வைத்துக் கோடிடுவர். அலகும் வாலும் ஒரே துண்டாக அறுக்கப்பட வேண்டும். இது முதல் விதி.

தூய அலுமினியம் மெதுவானது, எளிதில் வளையும். 1906இல் ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம், சிறிது செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிர்வித்துச் சில நாள் வைத்திருந்தால் அது தானே கடினமாவதைக் கண்டார். ஆகாய விமானத்துக்குப் பயன்பட்ட அவ்வகைக் கலவைகளே பின்னர் நாடக வாளுக்கும் வந்தன.

அறுத்த தகட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தேய்ப்பர். இதனை இரத்தம் ஓடும் வாய்க்கால் என்று கூறுவது தவறு. எடையைக் குறைத்தும் விறைப்பைக் காத்தும் நிற்பதே அதன் வேலை. பின்னர் இரு விளிம்புகளையும் சரிவாகத் தேய்ப்பர். மெய்வாளில் இச்சரிவு கூர்மையில் முடியும். இங்கோ ஏறக்குறைய 2 மி.மீ. தடிப்பு நிற்க, அவ்விளிம்பை உருட்டி மழுக்குவர். முனையையும் சிறுவிரல் நுனிபோல் உருட்டுவர். சற்று விலகி நின்று பார்த்தால் சரிவில் படும் ஒளி விளிம்பைக் கூராகவே காட்டும்; ஏமாறுவது கண் மட்டுமே.

அலகு வாலாகக் குறுகும் தோள்ப் பகுதியில் மிகுந்த கவனம் வேண்டும். அங்கே சதுரமான மூலை விட்டால், அடிவாங்கும் ஒவ்வொரு முறையும் விசை அம்மூலையில் குவிந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கும். ஆதலின் அம்மூலையை வளைவாக அரத்தால் தேய்த்துவிடுவர். அரைக்கால் அங்குலம் கூட இல்லாத இவ்வளைவு எதிரே நிற்பவன் முகத்தைக் காக்கிறது.

பிடியும் இணைப்பும்

பிடியை ஆக்குவதற்கு முதலில் களிமண்ணிலோ மரத்திலோ ஒரு மூலவுருச் செய்வர். அதன்மேல் அச்சுப் பொருளை ஊற்றி அச்சு எடுப்பர். முற்காலத்தில் சுண்ணச் சாந்து, இக்காலத்தில் சிலிக்கோன். ஓர் அச்சிலிருந்து எத்தனை பிடியும் வார்க்கலாம். குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே முகம் கிடைப்பது இதனாலேயே.

கைக்காப்பையும் குமிழையும் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் வெள்ளை உலோகத்தில் வார்ப்பதுண்டு. அதன் பெரும்பகுதி ஈயம், அஃதாவது கோலாலம்பூரைச் சேற்றிலிருந்து நகரமாக எழுப்பிய அதே வெள்ளீயம். அது 232 பாகை செல்சியசில் உருகிவிடும். சிறு அடுப்பே போதும். 1885இல் கோலாலம்பூரில் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனம் பெயர் பெற்றது ஈயத்தோடு சிறிது செம்பும் அந்திமனியும் சேர்ந்த இத்தகைய கலவை வேலைப்பாட்டினாலேயே. செதுக்கின் மிக நுண்ணிய கோடும் இக்கலவையில் பதியும். ஆயின் இது மெதுவானது, அடி தாங்காது. ஆதலின் அண்மைக் காட்சி வாளுக்கே இது ஏற்றது. சண்டை வாளின் கைக்காப்பை எஃகிலோ வெண்கலத்திலோ செய்வதே முறை.

இனி இணைப்பு. வாலின்மேல் முதலில் கைக்காப்பு கோக்கப்படும். பிறகு பிடியின் மரக்குழல். அதன்மேல் குமிழ். வாலின் நுனியில் திருகு வெட்டப்பட்டிருக்கும். குமிழுக்குள் மறைந்திருக்கும் மரையாணி அதனைப் பற்றி அனைத்தையும் ஒருசேர இறுக்கும். அரக்கை நம்புவதில்லை, பசையை நம்புவதில்லை. மரையாணியாயின் நாள்தோறும் கழற்றிப் பார்க்கலாம், தளர்ந்ததை இறுக்கலாம், நெளிந்த அலகை நீக்கிப் புதிய அலகு பூட்டலாம். இறுதியில் பிடியின்மேல் தோல் வாரோ முறுக்குக் கம்பியோ சுற்றுவர். வியர்த்த கையிலிருந்து வாள் நழுவாமல் காப்பது இச்சுற்றே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறத் தகும். சுவரில் மாட்டுவதற்கென்று கடைகளில் விற்கும் அலங்கார வாள்கள் பலவற்றில் அகன்ற வால் இராது. அலகின் அடியில் மெல்லிய திருகாணி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அலகும் நொறுங்கும் தன்மையுள்ள துருவேறா எஃகு. பள்ளி நாடகத்திலோ ஆலய விழா நாடகத்திலோ இதனை எடுத்துச் சுழற்றினால், பற்றவைத்த இடம் முறிந்து அலகு அவையோர் நடுவே பறக்கக்கூடும். அட்டைக் கத்தி அதனினும் ஆயிரம் மடங்கு மேல்.

ரப்பர் வாள் ஆக்கும் முறை மலேசியத் தமிழருக்குச் சிறப்பாகச் சுவை தரும். அதன் மூலப்பொருள் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் மரம் சீவி எடுத்த அதே பால். உறையாமல் காக்க அமோனியா சேர்த்த ரப்பர் பாலைச் சுண்ணச் சாந்து அச்சில் ஊற்றுவர். காய்ந்த சாந்து நீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரில் ரப்பர்த் தோல் படியும். தோல் வேண்டிய தடிப்பு அடைந்ததும் மீதிப் பாலை வடித்துவிட்டு, நடுவே மூங்கில் குச்சியையோ கம்பியையோ செருகி, வெற்றிடத்தை நுரை ரப்பரால் நிரப்புவர். கம்பியின் நுனி வாள்முனை வரை செல்லலாகாது. சில அங்குலம் முன்பே நிற்க வேண்டும். இன்று செயற்கை வார்ப்புப் பொருள்கள் இவ்விடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. முறை மட்டும் ஏறத்தாழ அதுவே.

கறுப்பு வெள்ளையும் வண்ணமும்

கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் வண்ணக்காரனுக்கு வேலை எளிது. வெள்ளி வண்ணமும் எஃகும் படச்சுருளில் ஒரே சாம்பல் நிறமாய் விழும். பித்தளையும் பொன்னும் ஒன்றே. செங்கல்லும் கருங்கல்லும் ஒன்றே. 1956இல் மாடர்ன் தியேட்டர்சாரின் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்தது. அதே 1956இல் சிங்கப்பூரில் பானி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' மலாய்ப் படமும் வண்ணத்தில் வந்தது. வண்ணம் வந்ததும் வெள்ளிப் பூச்சின் பொய் வெளியாயிற்று. எஃகு நீலம் கலந்தது. அலுமினியம் வெண்மை கலந்தது. ஆதலின் அலுமினிய அலகை மெருகேற்றி, பள்ளத்தில் கரும்பூச்சுத் தடவித் துடைத்து, பழகிய எஃகின் தோற்றம் தர வேண்டியதாயிற்று.

மெருகு மிகினும் தீங்கு. கண்ணாடிபோல் மின்னும் அலகில் விளக்கும் படக்கருவியும் ஒளிப்பதிவாளர் முகமும் தெரிந்துவிடும். அதற்காக அலகின்மேல் ஒளி மழுக்கும் பூச்சைத் தெளிப்பர்.

ஓசையும் பொய்யே. அலுமினிய வாள்கள் மோதினால் தட்டையான ஒலியே எழும். 'கணீர்' என்ற நாதம் பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்படுவது. உறையிலிருந்து வாள் உருவும்போது கேட்கும் 'ஷிங்' ஒலியும் அவ்வாறே. மரமும் தோலுமான உறையில் எஃகு உரசினால் அவ்வொலி பிறவாது.

குத்தும் கிரிஸ்

வெட்டைப் பொய்யாகக் காட்டுவது எளிது. வாளை உடலுக்கு ஒரு முழம் விலக்கி வீசி, படக்கருவியைத் தக்க கோணத்தில் வைத்தால் போதும். குத்தைக் காட்டுவதோ அரிது. முனை உடலைத் தொட்டாக வேண்டும். கிரிஸ் குத்தும் படைக்கலமாதலின் மலாய் வீரகதைகளைப் படமாக்குவோர் இவ்விடரை எதிர்கொண்டே தீர வேண்டும்.

ஹங் துவா கதையின் உச்சம் அவனுக்கும் அவன் உயிர்த் தோழன் ஹங் ஜெபாட்டுக்கும் நிகழும் போர். துவா கொல்லப்பட்டான் என்று நம்பி ஜெபாட் கலகம் செய்கிறான். துவாவுக்குரிய 'தாமிங் சாரி' என்னும் கிரிஸ் அப்போது ஜெபாட்டின் கையில் இருக்கிறது. அதனை மீட்டு, அதனாலேயே தோழனைக் குத்துகிறான் துவா. 1956ஆம் ஆண்டுப் படத்தில் பி. ரம்லி துவாவாகவும் அகமது மஹ்மூது ஜெபாட்டாகவும் நடித்தனர். இதே கதையை ஜெபாட்டின் பக்கம் நின்று கூறும் 'ஹங் ஜெபாட்' 1961இல் வெளிவந்தது. 2004இல் வெளிவந்த 'புத்ரி குனோங் லேடாங்' படத்திலும் துவா வருகிறான்.

இக்கதையில் கிரிஸ் கை மாறுவதே திருப்பம். ஆதலின் யார் கையில் இருந்தாலும் 'இது அதே கிரிஸ்' என்று அவையோர் ஒரு நொடியில் அறிய வேண்டும். பிடியின் வடிவமும், நெளிவின் எண்ணிக்கையும், உறையின் குறுக்குத் தலையாகிய 'சம்பிர்' என்பதன் வளைவும் எல்லாப் படிகளிலும் ஒத்திருந்தாலன்றி இது கைகூடாது. பாமோர்க் கோலத்தை மட்டும் அண்மைக் காட்சிப் படியில் அமிலத்தால் அரித்துக் காட்டினால் போதும். பிறவற்றில் தூரிகைக் கோடு போதும்.

குத்தைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உள்ளே ஒடுங்கும் அலகு. பிடியும் அலகின் அடிப்பகுதியும் குழலாக இருக்க, முன்பகுதி சுருள்வில்லின்மேல் நிற்கும். அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். நேரான அலகுக்கு இது பொருந்தும். நெளிந்த அலகு குழலுக்குள் நுழையாது. அன்றியும் தூசியோ துருவோ பட்டு வில் ஒருமுறை சிக்கிக்கொண்டால், ஒடுங்காத அலகு மெய்க்குத்தாகிவிடும். இரண்டாவது, பாதிக் கிரிஸ். நடிகன் ஆடைக்குள் கட்டிய தகட்டில் முன்னதாகவே அதனைப் பொருத்திவிட்டு, குத்திய பின் உள்ள காட்சியை மட்டும் எடுப்பது. மூன்றாவது, கோணம். முதுகைப் படக்கருவிக்குக் காட்டி, அலகை விலாவுக்கும் கைக்கும் இடையே செலுத்துவது. மூன்றனுள் பொருள் குறைவாக வேண்டுவதும் பயிற்சி மிகுதியாக வேண்டுவதும் இதுவே.

அலகே இல்லாத வாள்

திரைப்பட வாள்களுள் உலகப் புகழ் பெற்ற ஒன்றுக்கு அலகே இல்லை. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒளி வாள் அது. அதனைச் செய்த ரோஜர் கிறிஸ்டியன் புதிதாக எதையும் வார்க்கவில்லை. லண்டன் புகைப்படக் கருவிக் கடை ஒன்றில், பழைய கிராப்லெக்ஸ் கேமராவின் மின்வெட்டொளி விளக்குக்குரிய உலோகப் பிடிகள் தூசி படிந்து கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து, பிடிமானத்துக்காக மெல்லிய பட்டைகளை ஒட்டி, பழைய கணக்குப் பொறி ஒன்றின் எண்களைப் பெருக்கிக் காட்டும் பளிங்குப் பட்டையைப் பொருத்தி, அடியில் ஒரு வளையம் மாட்டினார். வீரன் வாள் ஆயத்தமாயிற்று. முதியவரான ஓபி-வான் பாத்திரத்தின் வாளிலோ ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சினின் ஒரு குழலும், முதல் உலகப் போர்க்காலத் துப்பாக்கி எறிகுண்டின் உடலும், குளியலறைக் குழாயின் திருகுபிடியும் சேர்ந்திருந்தன.

அலகுக்காக, சாலை அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவது போன்ற ஒளி திருப்பும் பொருளைப் பூசிய கோலைப் பிடியில் செருகி, சிறு மின்பொறியால் சுழலச் செய்தனர். அது போதிய ஒளி தராமையால், பின்னர்ப் படச்சுருளில் ஒவ்வொரு படமாக ஒளியைத் தீட்டிச் சேர்த்தனர்.

இவ்வாளால் பெறப்படும் பாடம் ஒன்று உண்டு. மெய்யாகப் பயன்பட்ட பொருளின் தேய்மானமும் திருகும் துளையும் கண்ணுக்கு மெய்யாகவே தோன்றும். அப்பகுதிகள் ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது என்று அன்பர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டறிந்தனர். வாளும் நிழற்படமும் எஞ்சியிருந்ததனாலேயே அவ்வாராய்ச்சி கைகூடியது.

விழிப்புத் தவறினால்

இத்துணைப் பாடும் எதற்காக என்பதற்குக் கண்ணீரில் எழுதிய விடைகள் உண்டு. 1988 டிசம்பரில் ஜப்பானில் 'சத்தோயிச்சி' படப்பிடிப்பின்போது சண்டைக் காட்சியில் உண்மையான வாள் ஒன்று பயன்பட்டுவிட்டது. கழுத்தில் வெட்டுண்ட துணை நடிகர் உயிரிழந்தார். மூங்கில் வாளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகிய நாட்டிலேயே இது நேர்ந்தது. 2008 டிசம்பரில் வியன்னா நகரின் பெயர்பெற்ற பர்க் நாடக அரங்கில், தன் கழுத்தை அறுத்துக்கொள்வதாக நடித்த நடிகர் மெய்யாகவே கழுத்தில் காயமுற்றார், அதிர்ஷ்டவசமாகப் பிழைத்தார். பழுதான மேடைக் கத்திக்குப் பதிலாக வாங்கிய புதுக் கத்தி மழுக்கப்படாமலேயே மேடைக்கு வந்துவிட்டதாக அந்நாளையச் செய்திகள் கூறின.

இரு நிகழ்ச்சிகளிலும் தவறு நடிப்பில் இல்லை. மெய்யும் பொய்யும் இடம் மாறிப்போயின. மாறியதை எவரும் சோதித்திலர். ஆதலின் நல்ல படப்பிடிப்புகளில் சில வழக்கங்கள் நிலைபெற்றுள்ளன. மெய்வாளும் சண்டை வாளும் ஒரே பெட்டியில் இருத்தல் ஆகாது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் அலகின் விளிம்பில் பஞ்சை ஓடவிட வேண்டும். மோதலில் எழுந்த பிசிறு இருந்தால் பஞ்சின் நார் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். உடனே அரத்தால் தேய்க்க வேண்டும். குமிழை முறுக்கிப் பார்க்க வேண்டும். அலகைத் தட்டிக் கேட்க வேண்டும். ஒலி உடைந்திருந்தால் விரிசல் உண்டு.

மலேசியாவில் சட்டமும் இதில் தலையிடுகிறது. 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாய ஆயுதங்கள் பற்றிய சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்திச் செல்வது குற்றம். நாடகத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வாளைத் தோளில் சாய்த்துக் கிள்ளான் கடைத்தெருவில் நடப்பது அறிவுடைமை ஆகாது. பெட்டியில் பூட்டி எடுத்துச் செல்வதே தக்கது.

காக்க வேண்டிய பொருள்

கிள்ளான் பள்ளத்தாக்கு மெய்வாளின் கொடுமையை அறிந்த மண். 1867 முதல் 1874 வரை கிள்ளானை மையமாகக் கொண்டு தொடங்கிய சிலாங்கூர்ப் போரில் உயிரிழந்தோர் பலர். அக்காலக் கட்டடமாகிய கெடோங் ராஜா அப்துல்லா இன்றும் கிள்ளானில் நிற்கிறது. மெய்வாளுக்குக் காட்சியகம் உண்டு, காவலும் உண்டு. பொய்வாளுக்கோ அந்தப் பேறு வாய்ப்பதில்லை. படம் முடிந்ததும் அலகு வேறு பிடிக்குப் போகும். பிடி வேறு படத்துக்கு வாடகை போகும். ரப்பர் வாள் வெயிலில் வெடித்துக் குப்பைக்குப் போகும். செய்தவர் பெயர் திரையில் வருவதும் அரிது.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பள்ளி நாடகமும் ஆலய நாடகமும் குறும்படமும் எடுக்கும் இளைஞர் இன்றும் வாள் செய்கின்றனர். அவர்கள் தங்கள் வாளின் அளவையும், பொருளையும், பொருத்திய முறையையும் ஒரு தாளில் எழுதி வாளோடு வைப்பராயின், அடுத்து வருபவர் அதே தவற்றைச் செய்து ஒருவர் கண்ணை இழக்க வேண்டியதில்லை. செய்தவர் பெயரையும் அத்தாளில் எழுதுவது முறை. நூறு சண்டைகளில் சுழன்றும் ஒருவர் மேனியில் ஒரு கீறல் விழாமல் பெட்டிக்குத் திரும்பும் அட்டைக் கத்தி, தான் செய்யப்பட்ட வேலையை முழுவதும் செய்துவிட்டது. அதனை இகழ்ச்சிச் சொல்லாக வழங்குவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.